காலி வண்டியின் எடை

காலியாக நிற்கிற காரின் பின்பக்கம் ஏன் இப்படித் தாழ்ந்திருக்கிறது என்பதுதான் எடைக்காரருக்கு முதலில் தோன்றிய கேள்வி. காரின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

அவர் பிழைப்பு அப்படி. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கான எடை மேடை வைத்திருந்தார். சாலையிலிருந்து லாரி திரும்பும்போதே அதன் ஸ்பிரிங் பட்டைகள் எவ்வளவு வளைந்திருக்கின்றன, டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்து மனசுக்குள் ஓர் எடை போட்டுவிடுவார், பெரும்பாலும் தப்பாது. அந்தக் கண்தான் இப்போது ஒரு பழைய வீட்டின் தகரக் கொட்டகைக்குள், அரையிருட்டில் நின்ற அந்த நீளமான அமெரிக்கக் காரைப் பார்த்து, பின் சீட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னது. குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு கந்தல் துணிகூட இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது.

கூட வந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவர் பார்வை போன திசையைப் பிடித்துக்கொண்டான். எடைக்காரர் வீட்டில் எதற்கும் கேலி பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

"வயசான வண்டி மாமா. நின்னு நின்னு கால் வலிச்சு உக்காந்துடுச்சு."

காரை விற்கிற அம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். தனியாக இருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஸ்பிரிங் பழசு, மாற்றினால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த மஞ்சள் துணியால் பானெட்டின் ஓரத்தை ஒரு தரம் துடைத்தார். துடைப்பதற்கு அங்கே தூசியே இல்லை.

அதன் பிறகு எடைக்காரர் பார்க்க ஆரம்பித்தார். மேலே பால் வெள்ளை, கீழே கடல் பச்சை, இரண்டுக்கும் நடுவே கதவுகளின் நீளத்துக்கும் ஓடுகிற வெள்ளி முலாம் பட்டை; பின்னால் மீன் துடுப்பு மாதிரி எழும்பி நிற்கும் இரண்டு இறக்கைகள்; முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளத்த பம்பர்; உள்ளே நாலு பேர் நெருக்கி உட்காரும் அளவு அகலமான, ஒரே நீளமான பச்சைத் துணி சீட். துருவில்லை, கீறலில்லை, துணியில் ஒரு நூல் பிரியவில்லை. அவருடைய எடை மேடை அறையில் பழைய காலண்டர் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் இருந்த காரே படத்திலிருந்து இறங்கி வந்து நிற்பது போலிருந்தது. வயதில் அவரைவிடப் பெரியது, ஆனால் அவரைவிட நன்றாக இருந்தது.

ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, தனக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றார் நர்ஸம்மா. ஆனால் உள்ளே ஏறவில்லை. வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக ஒரு குடையை உள்ளே விட்டு, அதன் முனையால் ஆக்ஸிலேட்டர் மிதியை ஒரு தரம் அழுத்தி எடுத்தார். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருகினார். ரொம்ப நாள் செய்து பழகிய கை. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு, தூரத்தில் யாரோ பெரிய மேளத்தை விரல் நுனியால் தட்டுவது போல மெதுவாக ஓடியது.

"ஏறி உக்காந்தா சாவி கைக்கு எட்டாதாம்மா?" என்று மச்சான் கேட்டான்.

சின்ன வயசிலிருந்தே கார் என்றால் தனக்கு வயிற்றைப் புரட்டும், அதில் ஒரு நாளும் ஏறியதில்லை என்றார் அவர். அப்பா வாங்கிய கார். வாரம் தவறாமல் துடைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு வைப்பது மட்டும் தன் வேலை. மற்ற விவரமெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கிளட்ச் கிடையாது, கியர் குச்சி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் மூடியைத் தேடினால் கிடைக்காது. இடது பக்கப் பின் விளக்கைத் தூக்கினால் அதற்குள் இருக்கும். ரேடியோ சூடேறிப் பாடக் கொஞ்சம் நேரமாகும், அவசரப்படக் கூடாது. பேரம் எதுவும் நீளவில்லை. சாவியைக் கையில் வைத்துவிட்டு, விரலை விடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்ல எத்தனை பேர்?"

நானும் என் மனைவியும், மாடியில் இவன், என்றார் எடைக்காரர். நர்ஸம்மா தலையாட்டினார். பிறகு விரலை எடுத்தார்.

*

முதல் சில வாரங்கள் அந்த வீட்டுக்குக் கல்யாணக் களைதான். தையல் மெஷினே கதியென்று கிடந்த மனைவி, சாயங்காலமானால் மெஷினை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றாள். மூவரும் ஏரிக்கரை ரோட்டில் போய்த் திரும்புவார்கள். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மச்சான் ஜன்னல் வழியாகக் கையை அசைத்து, மந்திரி ஊர்வலம் போகிறார் என்றான். மனைவி எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் வா என்றால் வரமாட்டாள்.

"இங்க உக்காந்தா என்னமோ நல்லா இருக்குங்க. தனியா இருக்கற மாதிரியே இல்ல," என்றாள் ஒரு நாள்.

தையல் அறையில் நாள் முழுதும் தனியாக இருப்பவள் அப்படிச் சொன்னதை அவர் அப்போது சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது தன் வீட்டுக் கார் கொட்டகையைத் திறந்தவர் அப்படியே நின்றார். காரின் கண்ணாடிகள் எல்லாம் வெளுத்திருந்தன. பனி என்று நினைத்துத் துணியால் துடைத்தார், போகவில்லை. விரலால் தேய்த்தார், போகவில்லை. உள்பக்கம். நாலு கண்ணாடிகளும் உள்பக்கமாக வெளுத்து, சிறுசிறு துளிகளாகக் கூடி, அங்கங்கே கோடு கோடாக வழிந்திருந்தன. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க ஆட்கள் தூங்கிய பஸ்ஸில் விடிகாலையில் அப்படி இருக்கும். கதவைத் திறந்தார். வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. பழைய கார்களில் வருகிற பூஞ்சை வாசனை இல்லை. தலைமுடி, பவுடர், ரொம்ப நேரம் பயணம் செய்த உடம்புகளின் லேசான வியர்வை. அதற்கு நடுவே, அப்போதுதான் உரித்துப் போட்டது போல, ஆரஞ்சுத் தோல்.

பழைய கார்கள் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப் போனார். தாடிக்கார மனிதர். வேலையில் கெட்டி, பேச்சில் கஞ்சன். கதவு ரப்பர் விட்டிருக்கும், தண்ணீர் இறங்கி விரிப்பு ஊறியிருக்கும் என்று அவர் சீட்டையெல்லாம் கழற்றி, தரை விரிப்பைச் சுருட்டினார். அடியில் சருகு மாதிரி காய்ந்து கிடந்தது. வந்ததுதான் வந்தோம் என்று பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளையும் மாற்றச் சொன்னார் எடைக்காரர். புதுப் பட்டை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். கார் மெல்ல இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், இன்னும் இறங்கி, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

தாடிக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். மறுபடி டிக்கியைத் திறந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே, எடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஸ்பிரிங்ல தப்பில்லண்ணே. பிரேக், ஸ்டீயரிங், எல்லாமே சுத்தம். வண்டியில லோடு இருக்கு, அவ்வளவுதான். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. உங்ககிட்டதான் மேடை இருக்கே, ஏத்திப் பாருங்க."

*

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடை மேடையில் ஆள் நடமாட்டம் குறையும். ஓட்டுநர்கள் லாரி நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார்கள். வெயில் தார் ரோட்டின் மேல் நெளிந்துகொண்டிருந்தது, இலை அசையவில்லை. எடைக்காரர் காரை மேடை நடுவில் நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் போய்த் திரையைப் பார்த்தார். முன் கதவின் உள்சட்டத்தில் அறைந்திருந்த சின்னத் தகட்டில் காரின் எடை பொறித்திருந்தது. அதை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். பெட்ரோல், ஸ்டெப்னி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் கார் அதைவிடக் கூடுதலாக இருந்தது. பெரியவர் இரண்டு பேர், கொஞ்சம் ஒல்லியான இன்னொருவர். அந்த அளவு.

ஆனால் அவருக்கு வியர்த்தது அந்தக் கூடுதலால் இல்லை.

எண் நிற்கவில்லை.

இந்தத் தொழிலில் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சிமென்ட், மணல், இரும்பு, எந்த லாரி ஏறினாலும் சிவப்பு எண்கள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அப்படியே நின்றுவிடும். மாடு ஏற்றிய லாரி ஏறினால் மட்டும் நிற்காது. உள்ளே ஒரு மாடு கால் மாற்றி வைக்கும், இன்னொன்று தலையைத் திருப்பும். எண் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். உயிருள்ள சரக்கு மேடை மேல் சும்மா நிற்காது.

திரையில் கடைசி எண் ஏறியது. இறங்கியது. சற்று நின்றது. ஏறியது.

காரை மேடையிலிருந்து இறக்கினார். திரை பூஜ்யத்தில் கல் மாதிரி நின்றது. மறுபடி ஏற்றினார். ஆடியது. மேடைக்கு அடியில் எலி இருக்கலாம், ஒயர் போயிருக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அடுத்து வந்த செங்கல் லாரியை ஏற்றிப் பார்த்தார். செங்கல் நின்றது. லாரி போனதும் காரை மூன்றாவது தடவையாக ஏற்றிவிட்டு, இந்தத் தடவை அறைக்குள் போகாமல் காரின் பக்கத்தில் போய் நின்றார். ஓட்டுநர்கள் பார்க்கிறதற்காக வெளிச் சுவரில் பெரிய எண் பலகை ஒன்று உண்டு. அங்கிருந்தே தெரிந்தது. ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கையை உயர்த்தி, பின் ஜன்னல் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார்.

எண் நின்றது.

சட்டென்று நின்றது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் பேச்சு நிற்குமே, அப்படி. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கழுத்தில் வெயில் சுட்டது. மெதுவாக ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி. பலகையில் கடைசி எண் மறுபடி அசைய ஆரம்பித்தது.

*

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் மச்சானின் சிரிப்புதான் முதலில் காதில் கேட்டது. ஆகவே ஒரு பொய் சொன்னார்: பிரேக் சரியில்லை, சரிசெய்கிற வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது. மனைவியின் முகம் வாடியது. அன்று சாயங்காலமே அவள் கொட்டகையில் இருந்தாள். பின் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, சீட்டின் ஓரத்தில், அத்தனை பெரிய சீட்டில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து, பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி ஓரமா உக்காந்திருக்க? விழுந்துடப் போற."

அவள் தலையைத் தூக்கினாள். எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியாதது போலிருந்தது. பிறகு சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தானே இப்போதுதான் கவனிக்கிறவள் மாதிரி.

"தெரியலங்க," என்றாள். "இதுதான் என் இடம்னு உக்காந்துட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்து இறக்கி, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டிவிட்டுத் திரும்பும்போது உள்ளே ஸ்பிரிங் லேசாக முனகியது. நெடுநேரம் உட்கார்ந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் கேட்குமே, அந்தச் சத்தம்.

மறுநாள் மேடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, பஸ் பிடித்து நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். காசு வேண்டாம், காரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போனார். ஊரின் மறுகோடி. இறங்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருமுனையில் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா கதவைத் திறந்து, நனைந்து நின்றவரைப் பார்த்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. துண்டு கொடுத்தார். காலியான கொட்டகை தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்.

மேடையில் பார்த்ததையெல்லாம் எடைக்காரர் சொன்னார். அவர் முடித்ததும் நர்ஸம்மா பேசினார். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற குரலில்.

அப்பா, அம்மா, அண்ணன். மூன்று பேரும் லீவு நாளில் வெளியே கிளம்புவார்கள். இவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா மடியில் எப்போதும் ஆரஞ்சுப் பழம் இருக்கும். உரித்து உரித்து ஆளுக்கொரு சுளையாகக் கொடுத்துக்கொண்டே போவாள். வருஷக்கணக்காக அப்படிப் போய் வந்தார்கள். ஒரு சாயங்காலம் கார் திரும்பி வந்து வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. கண்ணாடியெல்லாம் வெளுத்திருந்தது. அடிபடவில்லை, ஒரு கீறல் இல்லை.

"அவங்க எங்க போனாங்க?" என்றார் எடைக்காரர்.

"எங்கயும் போகல."

மழை தகரக் கொட்டகை மேல் சரளைக் கல் கொட்டுவது போலக் கொட்டியது. இவ்வளவும் தெரிந்து எனக்கு ஏன் விற்றீர்கள் என்று அவர் கேட்க நினைத்தார். நர்ஸம்மா கேட்காத கேள்விக்கே பதில் சொன்னார்.

"எனக்கு உடம்பு முடியலங்க. எனக்கப்புறம் அவங்களை யாரு பாத்துக்குவா? நீங்க வண்டியத் தொட்டுப் பாத்த விதத்தை நான் பாத்தேன். நல்லா வெச்சுக்குவீங்கன்னு தோணிச்சு." பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்க வீட்டம்மா ஏறினாங்களா?"

எடைக்காரரின் பையில் போன் அடித்தது.

மனைவி. எங்கே இருக்கிறீர்கள், மேடை பூட்டிக் கிடக்கிறதே என்றாள். அவர் சொன்னார். அவள் சிரித்தாள். பக்கத்து லாரிக்காரர் நீங்கள் அந்தப் பக்கம் பஸ் ஏறினதாகச் சொன்னார், நாங்களும் அங்கேதான் வந்துகொண்டிருக்கிறோம் என்றாள்.

"எதுல வர்றீங்க?"

"நம்ம வண்டியிலதாங்க. தம்பி ஓட்டறான். மெக்கானிக்கிட்ட போன் பண்ணிக் கேட்டானாம், பிரேக்ல ஒண்ணுமே இல்லன்னுட்டாராம். பூட்டுக்கு இன்னொரு சாவி மாடியில இருந்துச்சு, வண்டிச் சாவி வண்டியிலயே இருந்துச்சு. இந்த மழையில பஸ்ஸுக்கு நின்னு நனையணுமா நீங்க?"

எடைக்காரர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. நிறுத்தச் சொல். ஓரமாக நிறுத்தி, இறங்கி, அங்கேயே நில். தம்பியிடம் போனைக் கொடு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவளுக்குக் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. போனுக்குள் கூரை மேல் மழை. வைப்பரின் இழுவை. ரேடியோவில் யாரோ தூரத்தில் பாடுகிறார்கள். அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன சாப்பிடற?"

"ஆரஞ்சு."

"ஏது?"

"குடுத்தாங்க," என்றாள் அவள்.

அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். மச்சான் பேரைச் சொல்லிக் கத்தினார். போனுக்குள் பதிலாக ஒரு சிரிப்பு கேட்டது. மச்சானின் சிரிப்பு, கேலி பேசிவிட்டு அவன் முதலில் சிரிப்பானே, அது. அவன் சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு ஆண் குரல் சேர்ந்து சிரித்தது. வயசான குரல். பிறகு ஒரு பெண்.

வெளியே ஓடினார். மழையில் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து நின்றார். எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்றுகூடத் தெரியவில்லை. எதிரே ஓடலாமா. ஓடி என்ன செய்ய. போன் காதோடு ஒட்டியிருந்தது. அழைப்பு அறுபடவில்லை. பாட்டு நின்றிருந்தது. பேச்சு நின்றிருந்தது. வைப்பர் மட்டும். இழுவை. இழுவை. அதற்கு அடியில் மூச்சு. பலபேர் மூச்சு. ஒழுங்கான, அமைதியான, அவசரமில்லாத மூச்சு.

தெருமுனையில் வெளிச்சம் திரும்பியது.

மெதுவாக வந்தது. நீளமாக, பால் வெள்ளையும் கடல் பச்சையுமாக, மழைநீர் பளபளக்க. வீட்டுக்கு வழி தெரிந்த வண்டி மாதிரி வந்தது. பின்பக்கம் மட்டுமல்ல; இப்போது முன்பக்கமும் தாழ்ந்திருந்தது. பள்ளம் வந்தபோது கனமாக இறங்கி ஏறியது. அவருக்கு நேராக, சரியாக கேட்டின் முன்னால், ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது.

காதில் கேட்ட வைப்பர் சத்தமும் கண்ணெதிரே ஆடிய வைப்பரும் ஒன்றாக இருந்தன.

கண்ணாடிகள் வெளுத்திருந்தன. உள்பக்கம். முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங் தெரிந்தது. அதைப் பிடிக்க யாரும் இல்லை.

பின்னால் கேட் சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது. நர்ஸம்மா உள்பக்கம் நின்றிருந்தார். மஞ்சள் துணி கையில் இருந்தது. அழுதுகொண்டிருந்தார். தாழ்ப்பாளின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னங்க." காதில் மனைவி. பக்கத்தில் நின்று பேசுகிற குரல். "நனையறீங்களே."

அவர் முன் கதவை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கண்ணாடியில் குத்தினார். குத்திய இடத்தில் உள்பக்கத்து நீர்த்துளிகள் உருண்டு வழிந்தன. அவள் பேரைச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின் கதவு தானாகத் திறந்தது.

வெதுவெதுப்பான காற்று. பவுடர். வியர்வை. ஆரஞ்சு. அதோடு கலந்து, எத்தனையோ வருஷமாகத் தலையணையில் அவர் முகர்ந்து பழகிய அவள் கூந்தல்.

உள்விளக்கு எரிந்தது. சீட்டில் யாரும் இல்லை. பச்சைத் துணி மட்டும். துணியில் பள்ளங்கள். முன்னால் ஒன்று. பின்னால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, இந்தக் கதவு முதல் அந்தக் கதவு வரை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் பள்ளங்கள். கதவோரத்தில் இருந்தது எல்லாவற்றையும்விடச் சின்னது. சீட்டின் விளிம்பில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க," என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சின்னப் பள்ளத்தில் துணி மெல்ல எழும்பியது. ஒரு சாண் தள்ளி, மறுபடி அழுந்தியது. அதற்கு அடுத்தது நகர்ந்தது. அதற்கும் அடுத்தது. ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல், பொறுமையாக, ஒவ்வொருவராக உள்ளே நகர்ந்து நகர்ந்து, கதவோரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டார்கள்.